எங்கே பயணம், எத்தனை மாதம்?

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ரயில் போகும்போது யன்னல் கண்ணாடி அதிரும் தூரத்தில், எங்கள் குடும்ப வைத்தியரின் டிஸ்பென்சரி இருக்கிறது. முன்னறையில் இரண்டு வாங்குகள், இலக்கம் எழுதிய பிளாஸ்டிக் வில்லைகள், மருந்து கொடுக்கும் சிறு யன்னல், அதற்கப்பால் திரை போட்ட ஓர் அறை. அந்த அறைக்குள் போய் உட்கார்ந்ததும் எங்கள் டொக்டர் அம்மா வருத்தத்தை விசாரிப்பதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்பார். பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்ணிடம், "கிட்டடியில் எங்காவது பயணம் இருக்கிறதா, பிள்ளை?" என்று கேட்பார். பயணத்துக்காக ஊசி போட வந்த பெண்ணிடம், "கடைசியாக எப்போது சுகமில்லாமல் வந்தது?" என்று மாதவிடாய்த் திகதியைக் கேட்பார். பேறுகாலப் பராமரிப்பையும் பயண சுகாதாரத்தையும் இரண்டு தனித்தனி விடயங்களாக நினைத்திருந்த எனக்கு, ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பார்க்க முடியாது என்று அந்த இரண்டு கேள்விகளும் கற்பித்தன. அதைக் கற்றுக்கொள்வதற்கு எனக்கு இரண்டு கர்ப்பகாலங்கள் தேவைப்பட்டன.

முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, சென்னையில் பெரியம்மாவின் மகனுக்குக் கலியாணம். எனக்கு முப்பத்தோராம் வாரம். தனியார் வைத்தியசாலையில் விசேட வைத்திய நிபுணர் ஒருவரைச் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி முன்பதிவு செய்து, காட்டிக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடச் சந்திப்பில் ஸ்கேன், பிரஷர், நிறை ஆகியவற்றுக்கே நேரம் போய்விடும் என்பதால் பயணத்தைப் பற்றி அவரிடம் நான் வாய் திறக்கவில்லை. ஒன்றேகால் மணி நேரப் பறப்புத்தானே, கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் போவதை விடச் சுலபம் என்று நினைத்தேன். கட்டுநாயக்கவில் பயணப் பொதியை நிறுக்கும் முகப்பில் இருந்த பெண் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, வைத்தியரின் கடிதம் எங்கே என்று கேட்டார். கடிதம் இல்லை. அதிகாலை மூன்று மணிக்கு அதை எங்கே போய் வாங்குவது? பட்டுச்சேலைகள் இருந்த பெட்டியோடு அம்மா மட்டும் விமானம் ஏறினார். நான் வாடகைக் காரில் அழுதுகொண்டே வீடு திரும்பினேன்.

அந்தப் பெண் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் செய்தது சரியான காரியம். பெரும்பாலான விமான நிறுவனங்கள் இருபத்தெட்டு வாரம் கடந்த கர்ப்பிணியிடம் வைத்தியரின் கடிதத்தைக் கேட்கின்றன. ஒற்றைக் குழந்தையானால் ஏறத்தாழ முப்பத்தாறு வாரம் வரைக்கும், இரட்டைக் குழந்தைகளானால் முப்பத்திரண்டு வாரம் வரைக்குமே ஏற்றிச் செல்கின்றன. திரும்பி வரும் நாளிலும் அந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. பிரசவத் திகதி, எத்தனையாம் வாரம், ஒற்றையா இரட்டையா, சிக்கல் ஏதும் இல்லை என்ற நான்கு விடயங்கள்தான் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். மறுவாரம் டிஸ்பென்சரிக்குப் போனபோது டொக்டர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "என்னிடம் ஒரு துண்டு கேட்டிருந்தால் போதுமே, பிள்ளை."

அன்று அவர் கேட்ட இன்னொரு கேள்வி என்னை அதைவிட வெட்கப்பட வைத்தது. மாநகர சபையின் தாய் சேய் நல கிளினிக்கில் பதிந்திருக்கிறேனா என்று கேட்டார். நான் பதியவே இல்லை. எங்கள் அடுக்குமாடியில் குடியிருந்த எவரும் பதிந்ததாக எனக்குத் தெரியவில்லை. காசு கொடுத்துச் சனல் பண்ணுகிறவர்களுக்கு அது தேவையில்லை என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். இந்த நாட்டில், ஒரு பகுதியில் இருக்கும் எல்லோரின் பொதுச் சுகாதாரத்தையும் பார்க்கும் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு என்ற ஏற்பாடு 1926இல் களுத்துறையில் தொடங்கியது. வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர்கள், நாங்கள் வழக்கமாக மிட்வைஃப் என்று சொல்கிறவர்கள், அந்த ஏற்பாட்டின் கால்கள். பணமில்லாதவர்களுக்காக மட்டும் அது உண்டாக்கப்படவில்லை. பிள்ளைப்பேற்றில் தாய் இறப்பது இங்கே அரிதாகிப் போனதற்கு அந்தப் பெண்கள் ஏறி இறங்கிய படிகளும் ஒரு காரணம் என்பதை டொக்டர் எனக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். எட்டாம் வாரத்துக்கு முன் பதிந்துகொண்டால் ஆக நல்லது என்றும் சொன்னார். முதற் பிள்ளைக்கு நான் முப்பத்திரண்டாம் வாரத்தில்தான் பதிந்தேன்.

இரண்டாவது முறை நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

என் கணவருக்குக் கென்யாவின் மொம்பாசாவில் இரண்டு வருட வேலை கிடைத்தது. ஓகஸ்ட் பள்ளிக்கூட விடுமுறையில் மகளையும் கூட்டிக்கொண்டு போய் மூன்று வாரம் நிற்பதாகத் திட்டம். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட வேண்டும் என்று பயண முகவர் சொல்லியிருந்தார். அந்த ஊசி எல்லா இடத்திலும் போடப்படுவதில்லை. அதைப் பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் போட்டு, சர்வதேசச் சான்றிதழ்ப் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே அந்தச் சான்றிதழ் செல்லுபடியாகும். 2016 ஜூலை முதல் உள்ள விதிப்படி, ஒருமுறை போட்டால் ஆயுள் முழுவதற்கும் செல்லும். மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாட்டிலிருந்து இலங்கைக்கு வருகிற ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட எவரும் அதைக் காட்ட வேண்டும் என்பதால், கென்யாவிலிருந்து எங்கள் சொந்த வீட்டுக்குத் திரும்பி வரவும் அது வேண்டும். பொரளைக்குப் போகுமுன் மற்ற ஊசிகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்போம் என்றுதான் டிஸ்பென்சரிக்குப் போனேன்.

டொக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் திகதியைச் சொல்லிவிட்டு, மகளின் பரீட்சை அலைச்சலில் ஒரு கிழமை தள்ளிப் போயிருக்கிறது, கணவர் விடுமுறையில் வந்து போனதோடு எல்லாம் ஒழுங்கு குழம்பிவிட்டது என்றேன். டொக்டர் எதுவும் சொல்லாமல் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சிறு பக்கற்றை எடுத்துத் தந்தார். ஐந்து நிமிடம் கழித்து, அந்த வெள்ளைப் பட்டியை மேசை விளக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு இருவரும் பார்த்தோம். முதற் கோடு உடனே தெரிந்தது. இரண்டாவது கோடு, ஈரத்துணியில் சாயம் ஊறுவது போல, மெல்ல மெல்லத் தெளிந்தது. டொக்டர் பட்டியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். எனக்கு மகிழ்ச்சி வருவதற்கு முன் நடுக்கம் வந்தது, ஏனென்றால் மறுநாள் காலை நான் பொரளைக்குப் போவதாக இருந்தேன்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸைக் கொண்டது. தட்டம்மை, ருபெல்லா ஊசியும் அந்த வகைதான். இத்தகைய ஊசிகளைக் கர்ப்பிணிக்குப் போடுவதைத் தவிர்ப்பது பொது விதி. கர்ப்பம் என்று தெரியாமல் போட்டுக்கொண்டவர் பயந்துபோய்க் கருவைக் கலைக்க வேண்டியதில்லை, கவனமாகக் கண்காணித்தால் போதும் என்பதையும் டொக்டர் அன்றே சொன்னார். இதை அழுத்தி எழுதுகிறேன், ஏனென்றால் அரைகுறையாகக் கேட்ட செய்தியால் விபரீத முடிவுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பயணம் தவிர்க்க முடியாததாக இருந்து, ஊசியும் போட முடியாத நிலை இருந்தால், மருத்துவ விலக்குக் கடிதம் ஒன்றைப் பெற வழி இருக்கிறது. ஆனால் அந்தக் கடிதத்தால் விமான நிலையத்தைக் கடக்கலாமே தவிர, நுளம்பு கடிதத்தை வாசித்துவிட்டு விலகிப் போகப் போவதில்லை.

உண்மையில் டொக்டருக்கு மஞ்சள் காய்ச்சலை விடப் பெரிய கவலை மலேரியா. நைரோபி உயரமான இடத்தில் இருப்பதால் அங்கே ஆபத்துக் குறைவு. மொம்பாசா கடலோரம், வெப்பமான தாழ்நிலம், ஆபத்து அதிகம். கர்ப்பிணியை நுளம்பு கூடுதலாக நாடும் என்றும், பல்சிபாரம் என்ற கொடிய வகைக் கிருமி தொற்றிய செங்குருதிக் கலங்கள் நச்சுக்கொடியில் ஒட்டிக்கொண்டு தங்கிவிடும் என்றும், அதனால் தாய்க்குக் கடும் இரத்தச்சோகையும் குழந்தைக்கு நிறைக்குறைவும் கருச்சிதைவும் வரலாம் என்றும் ஒரு காகிதத்தில் படம் கீறிக் காட்டினார். பயணிகள் வழக்கமாகக் குடிக்கும் தடுப்புக் குளிசைகளில் டொக்சிசைக்கிளின் கர்ப்பிணிக்கு ஆகாது. மெஃப்ளோகுயின் கொடுக்கலாம், ஆனால் எந்தக் குளிசையும் முழுக் காப்புத் தருவதில்லை. மலேரியா உள்ள இடத்துக்குப் போவதைக் கர்ப்பிணிகள் இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. "போகாதே என்று நான் சொல்லவில்லை, இதெல்லாம் தெரிந்துகொண்டு நீங்கள் இருவரும் பேசி முடிவெடுங்கள்" என்றார். அன்றிரவு தொலைபேசியில் கணவரோடு ஒரு மணி நேரம் பேசினேன். ஓகஸ்ட்டில் அவர் இங்கே வருவது என்று முடிவாயிற்று.

எங்கள் தலைமுறைக்கு மலேரியா ஒரு சொல் மட்டுமே. இலங்கைக்குள்ளேயே தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனால் என் அப்பாச்சி பிறந்த காலத்தில், 1934-35 கொள்ளைநோயில், ஏறத்தாழ எண்பதினாயிரம் பேர் இறந்தார்கள். 1963இல் பதினேழே நோயாளிகள் என்ற அளவுக்கு இறங்கிய நோய், கவனம் தளர்ந்ததும் சில வருடங்களுக்குள் இலட்சக் கணக்கில் திரும்பி வந்ததையும் இந்த நாடு பார்த்திருக்கிறது. நோயைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு இன்னமும் இங்கே இருக்கிறது. கிருமியைச் சுமந்துகொண்டு ஒருவர் விமானத்தில் வந்து இறங்குவது போதும்.

அதை நான் என் வீட்டிலேயே உணர்ந்தேன். கணவர் வந்த பன்னிரண்டாம் நாள் அவருக்குக் கடும் காய்ச்சல். வெள்ளவத்தையில் மழைக்காலத்தில் காய்ச்சல் என்றால் எல்லோர் வாயிலும் டெங்கு என்ற சொல்தான் வரும். மாமியும் பப்பாசி இலைச் சாற்றுக்கு ஆள் அனுப்பிவிட்டார். டொக்டர் இரத்தக் கல எண்ணிக்கைக்குத் துண்டு எழுதிக்கொண்டே, "எங்கேயிருந்து வந்தீர்கள், எப்போது?" என்று கேட்டார். மொம்பாசா என்றதும் பேனாவை வைத்துவிட்டு, மலேரியா எதிர்ப்பு இயக்கத்தோடு தொலைபேசியில் பேசினார். நாரஹேன்பிட்டியில் அவர்களின் தலைமையகம் இருக்கிறது. மலேரியா நாடுகளுக்குப் போகிறவர்களுக்குத் தடுப்புக் குளிசையும், திரும்பி வந்து காய்ச்சல் காண்கிறவர்களுக்கு இரத்தப் பரிசோதனையும் அங்கே இலவசம். விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசிக்கொண்டு போனார்கள். கிருமி இல்லை என்று முடிவு வந்தது. இரண்டு நாளில் டெங்கு என்று உறுதியாகி, கணவர் வைத்தியசாலையில் நான்கு நாள் இருந்து சுகமானார். அந்த நான்கு நாளும் நான் பகலிலும் நுளம்பு வலைக்குள்ளேதான் படுத்தேன், ஏனென்றால் டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும். கர்ப்பிணிக்குக் காய்ச்சல் கண்டால் மூன்று நாள் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும், பரசிட்டமோல் தவிர வேறு வலிக்குளிசை எதையும் தொடக் கூடாது. நுளம்பை விரட்டும் டீட் கலந்த பூச்சைக் கர்ப்பிணிகள் பூசலாமா என்று பலர் தயங்குகிறார்கள். அளவோடு பூசலாம் என்றே டொக்டர் எனக்குச் சொன்னார்.

இந்த முறை ஏழாம் வாரத்திலேயே மாநகர சபைக் கிளினிக்கில் பதிந்தேன். மிட்வைஃப் எங்கள் அடுக்குமாடியின் நான்காம் மாடிக்கு, மின்தூக்கி பழுதடைந்திருந்த நாளிலும், படியேறி வந்தார். கர்ப்பகால அட்டையில் நிறை, இரத்த அழுத்தம், அளவுநாடாவால் அளந்த வயிற்றின் உயரம் எல்லாவற்றையும் குறித்தார். எச்.ஐ.வி., சிபிலிசு இரண்டுக்கும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இரத்தம் பார்ப்பார்கள். அதற்கு முகம் சுளிக்கிற உறவினர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்த இரண்டு நோய்களும் பரவுவதை இல்லாமற் செய்த நாடு என்று இலங்கை 2019இல் அங்கீகாரம் பெற்றது அந்தப் பரிசோதனையால்தான். இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீரோடு குடிக்காதீர்கள், கல்சியத்தையும் அதையும் ஒரே நேரத்தில் விழுங்காதீர்கள் என்று மிட்வைஃப் ஒவ்வொரு முறையும் சொன்னார். காலையில் எழுந்ததும் பால் தேநீர் இல்லாமல் இருக்க முடியாத எனக்கு அதுவே மிகப் பெரிய தவமாக இருந்தது. இருபத்தாறாம் வாரத்தில் எழுபத்தைந்து கிராம் குளுக்கோசைக் கரைத்துக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருக்கும் சீனிப் பரிசோதனை நடந்தது. அந்தத் தண்ணீரின் தித்திப்பு தொண்டையில் பசை போல ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் இருந்த ஒரு தங்கச்சி அதை வாந்தியெடுத்துவிட்டு, மறுநாளும் வெறும் வயிற்றோடு வர வேண்டியிருந்தது.

பிரசவம் அரச மகப்பேற்று வைத்தியசாலையில் நடந்தது. கொழும்பில் டி சொய்சா மகளிர் வைத்தியசாலை 1879இலிருந்து இயங்குகிறது. அத்தனை நீண்ட அனுபவம் படிந்த நகரத்தில், ஒரு ரூபாயும் கொடுக்காமல் பிள்ளை பெற முடிகிறது என்பதை நான் இப்போது மிகுந்த நன்றியோடு நினைக்கிறேன். மகன் பிறந்தான். அவனுக்குத் தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட வேண்டாம், அவனுக்கு ஒன்பது மாதம் ஆகட்டும் என்று டொக்டர் சொன்னதால், மொம்பாசாப் பயணம் இன்னும் தள்ளிப்போனது.

இந்த வருடம் பயணம் அம்மாவுக்கு. ரொறன்ரோவில் இருக்கும் தங்கைக்குப் பேறுகாலம். எங்கள் சமூகத்தில் அம்மாமார் பிள்ளைப்பேறு பார்க்கக் கடல் கடந்து போவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆனால் போகிற அம்மாவின் உடம்பை எவரும் பார்ப்பதில்லை. என் அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, சீனியும் பிரஷரும் இருக்கின்றன. ஒரு மாதத்துக்கு முன்பே டொக்டரிடம் கூட்டிப் போனேன். இன்சுலினைப் பெட்டியில் போட்டுச் சரக்கறைக்கு அனுப்பினால் அங்கே உறைந்து பழுதாகிவிடலாம் என்பதால் கைப்பையிலேயே கொண்டுபோகச் சொன்னார். எல்லா மருந்துகளையும் அவற்றின் பொதுப்பெயரால் கடிதமாக எழுதித் தந்தார், ஏனென்றால் இங்கே உள்ள வணிகப்பெயர் அங்கே உள்ள மருந்துக்கடைக்குத் தெரியாது. நீண்ட பறப்பில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கவும், தண்ணீர் குடிக்கவும், அழுத்தக் காலுறை போடவும் சொன்னார். கர்ப்பிணிகளுக்கும் இவை மூன்றும் பொருந்தும், ஏனென்றால் கால் நாளத்தில் இரத்தம் உறையும் அபாயம் கர்ப்பத்தில் இயல்பாகவே கூடுகிறது. புதிதாகப் பிறக்கும் குழந்தைக்குக் கக்குவான் ஊசி இரண்டாம் மாதத்தில்தான் தொடங்கும் என்பதால், அதற்கு முன் குழந்தையைத் தூக்கப் போகும் அம்மாவுக்கும் ஒரு கக்குவான் ஊசியும், குளிர்காலத்துக்கு இன்புளுவென்சா ஊசியும் போட வேண்டும் என்று சொன்னது எனக்குப் புதிய செய்தி. தங்கைக்கு அங்கே கர்ப்பகாலத்திலேயே கக்குவான் ஊசி போட்டுவிட்டார்கள்.

பிறகு அம்மா தயங்கித் தயங்கி, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குப் பேச்சை எடுத்தார். மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு எல்லாம் வறுத்து இடித்து மூன்று போத்தல்களில் அடைத்து வைத்திருந்தார். டொக்டர் சிரித்துவிட்டு, "நானும் சரக்குத் தின்றுதானே பிள்ளை பெற்றேன், அக்கா. தாராளமாகக் கொண்டுபோங்கள். ஆனால் தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள்" என்றார். பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு வைக்கும் என்று எங்கள் வீட்டிலும் சொல்லிச் சொல்லி என்னைத் தாகத்தோடு படுக்க வைத்தவர் அம்மாதான். பால் சுரக்கிற உடம்புக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்பதையும், குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுச் சீனித்தண்ணீரும் கூடாது என்பதையும் டொக்டர் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னபோது, என் வாயிலிருந்து வந்திருந்தால் கேட்டிருக்காத அம்மா, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

எழுந்து வரும்போது டொக்டர் அம்மாவின் அட்டையைத் திரும்ப எடுத்து, திரும்பி வரும் திகதியைக் கேட்டு, அதன் மூலையில் எழுதிக்கொண்டார். வந்த கிழமையே சீனி பார்க்க வர வேண்டுமாம்.